மலையிறங்கி வரும் இலையுதிர் காலம்

செப்டம்பர் கடைசி வாரத்தில் அமெரிக்காவின் கிழக்கு மலைச் சாலைகளில் வேன்கள் கூடத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் சரக்கு ஏற்றும் வண்டி போலத்தான் இருக்கும். உள்ளே ஒரு படுக்கை, எரிவாயு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, துணிமணி வைக்க நாலு பெட்டி, கூரைமேல் ஒரு சூரிய மின்தகடு. இரண்டு பேர் பல நாள் அதிலேயே சமைத்து, அதிலேயே உறங்கி, மலைத்தொடர்களையும் தேசியப் பூங்காக்களையும் சுற்றி வருவார்கள். அவர்கள் பார்க்க வருவது இலைகளை. மரங்கள் பச்சை இழந்து, மஞ்சளாகி, சிவந்து, உதிர்வதைப் பார்ப்பதற்காகவே லட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் மலையேறுகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் இந்தக் கூட்டத்தில் உண்டு. பலர் வகுக்கும் திட்டம் ஒரே மாதிரி இருக்கிறது: பத்து நாள் விடுப்பு, ஐந்தாறு பூங்கா, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். கோடைக்கு இந்தத் திட்டம் ஒத்துவரலாம். இலையுதிர் காலத்துக்கு ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பருவம் ஓரிடத்தில் நின்று நமக்காகக் காத்திருப்பதில்லை. மலை உச்சியில் தொடங்கி, நாளுக்கு நாள் அடிவாரத்தை நோக்கி இறங்குகிறது. அதைக் காண விரும்புகிறவர் ஒரே மலைத்தொடரில் தங்கி, ஏறி இறங்க வேண்டும். வேனின் உண்மையான பயனும் அங்கேதான் இருக்கிறது.

இலை ஏன் நிறம் மாறுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கோடை முழுவதும் இலையிலுள்ள பச்சையம் சிதைந்துகொண்டும் புதிதாக உருவாகிக்கொண்டும் இருக்கும். பகல் சுருங்கி இரவு நீண்டதும் மரம் புதிய பச்சையம் செய்வதைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடுகிறது. இலையில் கிடக்கும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கிளைக்கும் வேருக்கும் திருப்பி எடுத்துக்கொண்டு, காம்பின் அடியில் தக்கை போன்ற ஓர் அடுக்கை வளர்த்து, இலையைக் கழற்றத் தயாராகிறது. பச்சை விலகியதும், அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகள் வெளியே தெரிகின்றன. பிர்ச், ஹிக்கரி, துலிப் பாப்லர் மரங்களின் மஞ்சள் இப்படி வருவதுதான். சிவப்பின் கதை வேறு. மேப்பிள், டாக்வுட், சோர்வுட், ஸ்கார்லெட் ஓக் போன்றவற்றின் இலையில் ஆந்தோசயனின் என்ற நிறமி அந்தச் சமயத்தில் புதிதாகத் தயாராகிறது. உதிரப்போகும் இலைக்கு மரம் எதற்காக இவ்வளவு செலவு செய்கிறது என்பதில் தாவரவியலாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. சத்தைத் திருப்பி எடுக்கும்வரை இலையை வெயிலிலிருந்து காக்கத்தான் என்பது ஒரு விளக்கம். பூச்சிகளை எச்சரிக்க என்பது இன்னொன்று. பயணிக்கு முக்கியமான செய்தி இது: நிறமாற்றத்துக்குக் கொடி அசைப்பது இரவின் நீளம், அது ஆண்டுதோறும் மாறாதது, ஆனால் நிறத்தின் அடர்த்தியையும் நாளையும் தீர்மானிப்பதில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பங்குண்டு. வெயில் அடிக்கும் பகலும், உறைபனி விழாத குளிர் இரவும் தொடர்ந்து அமைந்தால் சிவப்பு ஏறும். இரவு வெதுவெதுப்பாக இருந்தால் மங்கும். கோடையில் கடும் வறட்சி வந்தால் இலை நிறம் காட்டாமலே உதிரலாம். ஆறு மாதத்துக்கு முன்பே நாள் குறித்து விடுதி அறை பிடிப்பவர் இந்தக் கணக்கில் தோற்பதற்கு வாய்ப்பு அதிகம்.

நாளைவிட நம்பத்தக்க அளவுகோல் ஒன்று இருக்கிறது. அது உயரம். ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை 6 பாகைக்குச் சற்று அதிகமாகக் குறையும். மேட்டுப்பாளையத்தில் வியர்த்தபடி பேருந்து ஏறியவர் குன்னூரில் ஸ்வெட்டர் தேடுவது இதனால்தான். வட கரோலினா, டென்னசி மாநிலங்களின் எல்லையில் கிடக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவின் தாழ்ந்த பகுதி கடல்மட்டத்திலிருந்து சுமார் 270 மீட்டர். உச்சியான குவோஹி 2,025 மீட்டர். நம் நீலகிரி ஏற்றத்துக்குக் கிட்டத்தட்ட ஒப்பான உயர வேறுபாடு. அதன் குறுக்கே செல்லும் நியூஃபவுண்ட் கேப் சாலை 50 கிலோமீட்டர்தான். கேட்லின்பர்க் என்ற அடிவார ஊரிலிருந்து 1,538 மீட்டர் உயரக் கணவாய்க்கு ஏறும்போது கடந்துபோகும் காட்டு வகைகளை, தெற்கே ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வடகோடியில் உள்ள மெய்ன் மாநிலம்வரை போனால் காணும் காடுகளோடு ஒப்பிடுவது வழக்கம். அடிவாரத்தில் ஓக், ஹிக்கரி. இடையில் மேப்பிள், பாப்லர். மேலே பீச், மஞ்சள் பிர்ச். முகட்டில் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் ஸ்ப்ரூஸ், ஃபர். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டியதை அரைமணி, முக்கால்மணி ஏற்றத்தில் மலை அடுக்கிக் கொடுத்துவிடுகிறது. அதனால் இந்தப் பூங்காவில் இலையுதிர் காலம் செப்டம்பர் நடுவில் மேல் சரிவுகளில் தலைகாட்டி, அக்டோபர் தொடக்கத்தில் 1,200 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் முழுமை பெற்று, நவம்பர் தொடக்கத்தில்தான் அடிவாரத்தை விட்டு அகல்கிறது. ஒரே மலையில் ஏறத்தாழ ஏழு வாரம்.

இந்த ஏழு வாரத்தை முழுமையாகக் காட்டக்கூடிய சாலை ஒன்று அங்கே இருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்குள் முகட்டோடு ஓடும் ஸ்கைலைன் டிரைவ் 169 கிலோமீட்டர். அது முடியும் ராக்ஃபிஷ் கேப் கணவாயிலேயே ப்ளூ ரிட்ஜ் பார்க்வே தொடங்குகிறது. அங்கிருந்து 755 கிலோமீட்டர் தென்மேற்காகப் போய், ஸ்மோக்கி பூங்காவின் வாசலில், செரோக்கி ஊருக்கு அருகே முடிகிறது. இரண்டு தேசியப் பூங்காக்களை ஒரு மாலைபோலக் கோத்து நிற்கும் இந்தச் சாலை, பெருமந்தக் காலத்தில் வேலையற்றோருக்கு வேலை கொடுக்கவும் சேர்த்துத் திட்டமிடப்பட்டு 1935இல் தொடங்கியது, முடிந்தது 1987இல். கடைசித் துண்டு லின் கோவ் பாலம். கிராண்ட்ஃபாதர் மலையின் பாறைச் சரிவை வெட்டிச் சிதைக்காமல், அதன் ஓரத்தில் தூண் நிறுத்தி, 153 கான்கிரீட் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து வளைத்துக் கட்டியது. பார்க்வே முழுக்க லாரிகளுக்கு அனுமதி இல்லை. விளம்பரப் பலகைகள் இல்லை. வேக வரம்பு மணிக்கு 72 கிலோமீட்டர், சில இடங்களில் இன்னும் குறைவு. மெதுவாகப் போவதற்கென்றே வரைந்த சாலை இது. இதை இரண்டே நாளில் ஓட்டி முடிப்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது வரிசையாக நகரும் மலைக்காட்சிகள் மட்டும்.

இலையுதிர் காலம் வடக்கிலிருந்து தெற்கே நகரும் என்பது பொதுவான நம்பிக்கை. அதை நம்பி அக்டோபர் தொடக்கத்தில் ஷெனாண்டோவாவில் புறப்பட்டுத் தெற்கே வருபவர் இந்தச் சாலையில் ஏமாறுவார். காரணம், இங்கே தெற்கே போகப் போக மலை உயர்கிறது. ஷெனாண்டோவாவின் மிக உயர்ந்த சிகரம் 1,235 மீட்டர்தான். பார்க்வே அங்கிருந்து ஜேம்ஸ் ஆற்றங்கரையில் 198 மீட்டருக்கு இறங்கி, பிறகு ஏறி ஏறி, 431ஆம் மைல்கல்லில் ரிச்லண்ட் பால்சம் அருகே 1,845 மீட்டரைத் தொடுகிறது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே எல்லாவற்றிலும் உயர்ந்த சிகரமான மிட்செல் மலை, 2,037 மீட்டர், இந்தச் சாலையிலிருந்து பிரியும் ஒரு கிளைப்பாதையின் முடிவில் இருக்கிறது. ஆகவே தெற்கு முகடுகளில் செப்டம்பர் இறுதியிலேயே நிறம் பிடித்துவிடும். வடக்கே ஷெனாண்டோவா சிவப்பது அக்டோபர் நடுவிலிருந்து இறுதிக்குள். வடக்கு தெற்கு என்ற கணக்கை உயரம் தலைகீழாக்கிவிடுகிறது. 418ஆம் மைல்கல்லில் உள்ள கிரேவ்யார்ட் ஃபீல்ட்ஸ் என்ற மேட்டுநிலம் பார்க்வேயில் முதலில் நிறம் மாறும் இடங்களில் ஒன்று. அது இருப்பது சாலையின் தென்கோடிக்கு அருகே, 1,500 மீட்டருக்கு மேல். கையில் இருக்கவேண்டிய வரைபடம் ஊர்ப்பெயர்கள் போட்டதைவிட உயரக்கோடுகள் போட்டதாக இருப்பது நல்லது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இதை வைத்துத் திட்டம் போட்டால் பயணத்தின் வடிவமே மாறிவிடும். செப்டம்பர் முடிவிலோ அக்டோபர் முதல் வாரத்திலோ பார்க்வேயின் தென்பகுதியில், 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மவுண்ட் பிஸ்கா முகாம் திடலில் வேனை நிறுத்தலாம். மேல் சரிவுகள் உதிரத் தொடங்கியதும் சற்றுக் கீழே, 1,000 மீட்டர் அளவில் உள்ள ஜூலியன் பிரைஸ் திடலுக்கு வரலாம். அக்டோபர் மூன்றாம் வாரம் வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா. திரும்பி மாதக் கடைசியில் ஸ்மோக்கியின் தாழ்ந்த திடல்களான ஸ்மோக்மாண்ட், 670 மீட்டர், அல்லது கேட்ஸ் கோவ், 550 மீட்டர். விடுப்பு ஒரு வாரம்தான் என்றால் அந்த வாரத்துக்குரிய உயரத்தைத் தேர்ந்துகொண்டு, அங்கிருந்து தினமும் இருநூறு மீட்டர் மேலும் கீழுமாகப் போய் வந்தாலே போதும். ஒருநாளில் ஓட்ட வேண்டிய தொலைவு அறுபது, எழுபது கிலோமீட்டரைத் தாண்டாது. பின்வாங்கும் பருவத்தின் பின்னாலேயே படியிறங்கிப் போவதற்கு, கூடவே வரும் வீடு உதவுகிறது. விடுதியில் தங்கினால் பெரும்பாலும் பள்ளத்தாக்கு ஊர்களில் தங்க நேரும். விடியற்காலையில் பள்ளத்தாக்கை மூடும் மூடுபனிக்குள் கண்விழித்து, வெயில் ஏறியபின் மேலே வந்துசேர வேண்டியிருக்கும். முகட்டில் உறங்கியவர் அதே நேரத்தில் அந்தப் பனியை மேலிருந்து, ஏரிபோலப் பரந்து கிடக்கப் பார்ப்பார்.

இதற்கு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. வேன் மலிவானதல்ல, வாடகை, எரிபொருள், திடல் கட்டணம் எல்லாம் கூட்டினால் சாதாரணக் காரும் எளிய விடுதியும் குறைவாகவே முடியலாம். ஒரு காரும் கூடாரமும் இருந்தால் இதே படியிறக்கத்தைச் செய்யலாம் என்பதும் உண்மை. ஒப்புக்கொள்கிறேன்; வேன் ஒரு கருவி, அவ்வளவே. ஆனால் அக்டோபரில் 1,500 மீட்டரில் இரவு வெப்பநிலை உறைநிலையைத் தொடக்கூடும். வயதானவர்களும் சிறுபிள்ளைகளும் கூடாரத்தில் படுப்பது கடினம். இன்னொன்று கரடி. இந்த மலைகளில் கருங்கரடிகள் ஏராளம். குளிர்காலத் தூக்கத்துக்கு முன் அவை இரவு பகல் பாராமல் ஓக் கொட்டைகளைத் தேடித் தின்னும் காலம் இதுதான். சோற்று வாசனை வரும் எதையும் வெளியே வைக்கக் கூடாது என்பது திடல்களின் முதல் விதி; கெட்டியான சுவருள்ள வண்டி அந்த விதியைக் கடைப்பிடிக்க வசதி. வேன் சிறியதாக இருப்பதும் நல்லது. பேருந்து அளவுள்ள மோட்டார் வீடுகள் ஸ்மோக்கியின் சில குறுகிய சாலைகளில் நுழைய முடியாது. ஸ்கைலைன் டிரைவில் 1932இல் குடைந்த மேரிஸ் ராக் சுரங்கத்தின் உயரம் 3.86 மீட்டர்தான். கூரையில் சாமான் ஏற்றியிருப்பவர் புறப்படுமுன் நாடா பிடித்து அளந்துகொள்ள வேண்டும்.

வேனில் போனால் நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். தேசியப் பூங்காவுக்குள் அது நடக்காது. பார்க்வேயின் காட்சிமுனைகளிலோ ஸ்மோக்கியின் வண்டி நிறுத்தங்களிலோ இரவு தங்க அனுமதி இல்லை. முகாம் திடலில் மட்டுமே தங்கலாம். அக்டோபரில் பெரும்பாலான இடங்கள் முன்பதிவில் போய்விடும். பார்க்வே திடல்களில் மின்னிணைப்போ தண்ணீர் இணைப்போ கிடையாது. வெளியூர் விறகைக் கொண்டுவரக் கூடாது, சூடாக்கிப் பூச்சி நீக்கிச் சான்று பெற்ற விறகுதான் எரிக்கலாம். அப்படியானால் எல்லாவற்றையும் முன்கூட்டியே குறித்துவிட வேண்டியதுதானே, பருவத்தைப் பின்தொடர்வது எப்படி என்று கேட்கலாம். பதில் இந்தச் சாலையின் இருபுறமும் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன், ஜெஃபர்சன், பிஸ்கா, நாந்தஹாலா என்ற தேசியக் காடுகள் பார்க்வேயை ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றில் குறிப்பிட்ட பகுதிகளில், விதிகளுக்கு உட்பட்டு, பதிவில்லாமலே தங்கலாம். இரண்டு மூன்று இரவுகளைப் பூங்காத் திடலில் உறுதிசெய்துகொண்டு, மற்ற இரவுகளைக் காட்டுக்கு விட்டுவைப்பவருக்கு மலைக்குத் தக்கபடி நகர இடம் கிடைக்கும்.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்துவிட்டு ஒரே மலைத்தொடரோடு திரும்புவதா? யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் எல்லாம் எப்போது பார்ப்பது? அவை பார்க்க வேண்டிய இடங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஷெனாண்டோவாவிலிருந்து யெல்லோஸ்டோனுக்குச் சாலை வழியாக மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். போகவும் வரவும் ஒரு வாரம் ஸ்டீயரிங் பிடித்தே கழியும். மேற்கு மலைகளின் நாட்காட்டியும் வேறு. ராக்கி மலைகளின் ஆஸ்பென் மரங்கள் செப்டம்பர் கடைசியில் பொன்னிறமாகி, அக்டோபர் நடுவில் பெரும்பாலும் மொட்டையாகிவிடும். 3,713 மீட்டர்வரை ஏறும் டிரெயில் ரிட்ஜ் சாலையைப் பனி வழக்கமாக அக்டோபரில் மூடிவிடுகிறது. யெல்லோஸ்டோனின் பெரும்பாலான சாலைகள் நவம்பர் தொடக்கத்தில் சாதாரண வண்டிகளுக்கு அடைக்கப்படும். இரண்டையும் ஒரே பயணத்தில் திணித்தால் ஒன்றிலாவது காலம் தப்பும். செலவும் மாறியிருக்கிறது. 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர்கள் யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், யோசமிட்டி உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான நுழைவுக் கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் 250 டாலருக்கு ஆண்டு அட்டை வாங்க வேண்டும். இங்கிருந்து போகும் பெற்றோருக்கு இது சிறிய தொகை அல்ல. ஸ்மோக்கியும் ஷெனாண்டோவாவும் அந்தப் பட்டியலில் இல்லை. பார்க்வேக்கும் ஸ்மோக்கிக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. ஸ்மோக்கியில் வண்டியைக் கால்மணிக்கு மேல் நிறுத்தினால் நாளுக்கு 5 டாலர் அல்லது வாரத்துக்கு 15 டாலர் சீட்டு, அவ்வளவுதான்.

கட்டணம் இல்லை என்பதாலேயே கூட்டம் வருகிறது. அமெரிக்காவின் 63 தேசியப் பூங்காக்களில் அதிகம் பேர் வருவது ஸ்மோக்கிக்குத்தான். ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல். பார்க்வேயின் எண்ணிக்கை அதையும் மிஞ்சும். அக்டோபர் சனி, ஞாயிறுகளில் கேட்ஸ் கோவின் 18 கிலோமீட்டர் வட்டச் சாலையைச் சுற்றிவர நாலு மணி நேரம்கூட ஆகும். இந்த நெரிசலுக்குக் காரணம் என்று நான் கருதுவது ‘உச்சம்’ என்ற எண்ணத்தைத்தான். நிறம் உச்சத்தில் இருக்கும் வாரம் எது என்று கேட்டு, எல்லோரும் அந்த ஒரே வாரத்தில், அதே பத்து இடங்களில், அதே நடுப்பகலில் போய்ச் சேர்கிறார்கள். மலையில் அப்படி ஒரே உச்சம் இல்லை. ஒவ்வொரு உயரத்துக்கும் அதனதன் வாரம் இருக்கிறது. செப்டம்பர் இறுதியில் மேலேயும், நவம்பர் முதல் வாரத்தில் கீழேயும், அக்டோபரில் வாரநாட்களின் அதிகாலையிலும் போகிறவர் அதே காட்டை அமைதியில் பார்க்கலாம். வேன் கூடுதல் எரிபொருள் குடிக்கிறது, புகை கக்குகிறது என்ற குற்றச்சாட்டுக்கும் என்னிடம் முழு விடை இல்லை. ஓடும் தொலைவைக் குறைப்பதுதான் பயணியின் கையில் இருக்கிறது. ஐந்து பூங்காவுக்குப் பதில் ஒரு மலைத்தொடர் என்றால் அந்தக் குறைப்பு பெரிது.

தங்கிப் பார்ப்பவருக்கு இலையின் நிறம் இன்னொன்றையும் சொல்லும். இந்த மலைகள் ஆளில்லாக் கன்னிக்காடு என்று தோன்றும். அது உண்மை இல்லை. இவை செரோக்கி மக்களின் நிலம். 1838இல் அவர்களில் பெரும்பான்மையோரை ராணுவத்தைக் கொண்டு மேற்கே விரட்டினார்கள்; வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். தப்பி நின்றவர்களின் வழித்தோன்றல்கள்தான் இன்று பார்க்வே முடியும் இடத்தில் வாழும் கிழக்குச் செரோக்கி மக்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வேறொருவர் பெயரைச் சுமந்த உச்சிக்கு, 2024 செப்டம்பரில் ‘குவோஹி’ என்ற செரோக்கிப் பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது. பிறகு வந்த வெள்ளைக் குடியானவர்களும் நிலைக்கவில்லை. 1930களில் பூங்காக்கள் உருவானபோது ஷெனாண்டோவாவிலிருந்து நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டன. ஸ்மோக்கியில் நிலங்கள் விலைக்கு வாங்கப்பட்டன, சில வற்புறுத்தி வாங்கப்பட்டன. ரயில் பாதை போட்டு வந்த மரக்கம்பெனிகள் அதற்குள் பெருங்காட்டை மொட்டையடித்திருந்தன; இன்றைய ஸ்மோக்கியில் கோடரி படாத பழங்காடு ஏறத்தாழ கால்பங்குதான். கைவிடப்பட்ட வயலில் முதலில் முளைத்து வேகமாக உயர்வது துலிப் பாப்லர். ஆகவே பள்ளத்தாக்கு ஓரத்தில் ஒரே வயதில், ஒரே உயரத்தில் நெடுகிலும் மஞ்சள் பூத்து நிற்கும் மரக்கூட்டம் பெரும்பாலும் யாரோ உழுத சோளக்கொல்லை அல்லது யாரோ வெட்டிய காடு. ஓக் மரங்களின் செம்பழுப்புக்குப் பின்னாலும் ஓர் இழப்பு இருக்கிறது. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட, ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை நோய், சில பத்தாண்டுகளில் அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தை இந்த மலைகளிலிருந்து துடைத்தெறிந்தது. அது விட்டுப்போன இடத்தைத்தான் ஓக்கும் ஹிக்கரியும் பிடித்திருக்கின்றன. கரடி இன்று ஓக் கொட்டையை நம்பி வாழ்வதும் அந்த மரணத்தின் தொடர்ச்சிதான். இதையெல்லாம் ஓடும் வண்டியின் கண்ணாடி வழியே படிக்க முடியாது. ஒரு திடலில் மூன்று நாள் தங்கி, காட்டுக்குள் நடந்து, பாழடைந்த புகைபோக்கியையும், அதனருகில் யாரும் பறிக்காமல் காய்த்து நிற்கும் ஆப்பிள் மரத்தையும் பார்க்க வேண்டும்.

மீண்டு வந்தவையும் உண்டு. வேட்டையாடி அழித்த எல்க் மான்களை 2001இல் ஸ்மோக்கிக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். செப்டம்பர், அக்டோபர் அவற்றின் இணைசேரும் காலம். ஆண் எல்க் எழுப்பும் நீண்ட, குழல் ஊதுவது போன்ற கூவல் காலையிலும் மாலையிலும் கேட்டலூச்சி பள்ளத்தாக்கிலும் ஓக்கனலஃப்டி புல்வெளியிலும் கேட்கும். 45 மீட்டருக்குள் அவற்றை நெருங்குவது சட்டப்படி குற்றம். செப்டம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டி, அகன்ற சிறகுப் பருந்துகள் கூட்டம் கூட்டமாக இந்த மலைமுகட்டின் வெப்பக்காற்றில் சுழன்றபடி தென்னமெரிக்கா நோக்கிப் போகும். இலையின் நிறத்துக்காக மட்டும் வந்தவர் இவற்றைத் தற்செயலாகவே பார்ப்பார். தங்கியிருப்பவர் தினமும் பார்ப்பார்.

மலையின் விருப்பத்துக்கு நம் திட்டம் எவ்வளவு வளைய வேண்டும் என்பதை 2024 காட்டியது. செப்டம்பர் 27 அன்று, இலைப் பருவம் தொடங்கும் அதே வாரத்தில், ஹெலீன் புயலின் மழை வட கரோலினா மலைகளைப் புரட்டிப் போட்டது. பார்க்வே முழுவதும் மூடப்பட்டது. பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நாற்பதாம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பகுதிகள் ஆற்றோடு போயின. உயிரிழப்பு நூற்றைத் தாண்டியது. வர்ஜீனியாப் பகுதி முதலில் திறந்தது. வட கரோலினாவில் சில நீளங்கள் ஓராண்டு கழித்தும் திறக்கவில்லை. ஆகவே 755 கிலோமீட்டரையும் முழுதாக ஓட்டியே தீருவேன் என்று கிளம்புவது இப்போதைக்கு வீண். திறந்திருக்கும் துண்டு எது, அது என்ன உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து அங்கே தங்குவதுதான் செய்யக்கூடியது. புயலில் அடிபட்ட மலையூர்களின் கடைகளும் உணவகங்களும் பயணிகளின் வரவை நம்பியே அக்டோபரை ஓட்டுகின்றன. காட்டில் வேனை நிறுத்துபவர் காய்கறியையும் ரொட்டியையும் ஆப்பிளையும் அந்த ஊர்களில் வாங்கினால் அது அவர்களுக்கு உதவும்.

அடுத்த அக்டோபரில் போகத் திட்டமிடும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். போவதற்கு முந்தின வாரம் பூங்கா நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, இலை எப்போது சிவக்கும் என்று கேட்காமல், இப்போது எத்தனை மீட்டர் உயரத்தில் சிவந்திருக்கிறது என்று கேளுங்கள். அந்த உயரத்துக்குப் போய், நாலு நாளாவது அங்கேயே இருங்கள். விடுப்பு தாமதமாகக் கிடைத்து நவம்பர் பிறந்துவிட்டாலும் கவலை வேண்டாம். பார்க்வேயின் திடல்கள் அப்போது மூடியிருக்கும், கேட்ஸ் கோவ் திடல் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும், அதைச் சுற்றியுள்ள தாழ்ந்த சரிவுகளில் ஸ்கார்லெட் ஓக் அப்போதும் சிவப்பாகத்தான் நிற்கும்.